உருகாமல் தப்பிய வால்தம்

என்னிடம் இருக்கும் வால்தம் கம்பெனி பாக்கெட் கடிகாரத்தின் தங்கக் கூடு 50 கிராம் எடை, 14 காரட். நம் ஊர் 22 காரட் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 4 சவரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யார் கையில் கொடுத்தாலும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டதால் எத்தனையோ நல்ல கடிகாரங்கள் செத்துப்போயிருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் ஊருக்குப் பக்கத்தில். மருத்துவக் கருவிகளுக்கான சிறு உலோகப் பாகங்களை அளந்து, தேறுமா தேறாதா என்று முடிவு சொல்வது என் வேலை. அப்பா நாகர்கோவில் வடசேரியில் காலமெல்லாம் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவர். தங்கமும் அளவும் ஒரே பொருளில் சேர்ந்து வந்தால் எங்கள் இரண்டு பேராலும் கடந்துபோக முடியாது.

பழைய நாணயமும் நகையும் வாங்கி விற்கும் ஒரு கடையில், உருக்க அனுப்ப வைத்திருந்த தட்டில் இது கிடந்தது. அறுந்த சங்கிலிகள், ஒற்றைக் கம்மல்கள், பல்லில் கட்டிய தங்கம், அவற்றோடு இதுவும். கடைக்காரர் நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். விநாடி முள் இல்லை, ஓடவும் இல்லை. உள்ளே இருக்கும் மிஷினைக் கழற்றி வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் உருக்கக் கொடுப்போம், அதுதான் லாபம் என்றார். அவர் சொன்ன கணக்கில் பிசகில்லை. தங்கத்தின் விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன்.

பின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு தங்க மூடி, அதையும் திறந்தால்தான் மிஷின். நிக்கல் தகடுகளில் அலையலையாக இழைத்த வேலைப்பாடு. சக்கர அச்சுகளின் முனைகள் சுற்றுவதற்குத் துளையிட்ட சிவப்புக் கற்கள் ஒவ்வொன்றையும் சின்னத் தங்க வளையத்துக்குள் பதித்து, வளையத்தைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ‘ரிவர்சைடு’ என்ற ரகத்தின் பெயர், ‘வால்தம்’ என்ற ஊர்ப்பெயர், அப்புறம் ஒரு எண். அந்த எண் 1 கோடியே 20 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. வால்தம் கம்பெனியின் எண் வரிசையை ஆண்டுவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதன்படி இது 1903 வாக்கில் செய்தது. கம்பெனி 1899ஆம் ஆண்டு மாடல் என்று அழைத்தது, 16 சைஸ். அதாவது மிஷினின் விட்டம் 1.7 அங்குலம், 43 மில்லிமீட்டர் சொச்சம். அந்தத் தொழிற்சாலையின் செங்கல் கட்டடம் இன்றும் வால்தமில், கிரெசென்ட் தெருவில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் நிற்கிறது. அதே ஊரில் ‘மூடி’ (Moody) என்ற பெயருள்ள தெருவில்தான் நான் உளுந்தும் கறிவேப்பிலையும் வாங்குகிறேன்.

இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆரன் டெனிசன். 1812இல் மெய்ன் பகுதியில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பாஸ்டனில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தபோது ஒரு விஷயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் நல்ல கடிகாரங்கள்கூட ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்றின் சக்கரம் உடைந்தால் இன்னொன்றின் சக்கரம் அதில் உட்காராது. புதிதாக ஒன்றைக் கடைந்துதான் ஆகவேண்டும். அதே மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு ஆயுதச்சாலையில் துப்பாக்கிப் பாகங்களை ஒரே அளவில் செய்து, எதை எதில் வேண்டுமானாலும் பூட்டினார்கள். துப்பாக்கிக்கு முடிவது கடிகாரத்துக்கு ஏன் முடியாது என்று டெனிசன் கேட்டார். துப்பாக்கி விசைக்கும் கடிகார அச்சுக்கும் அளவில் இருக்கும் தூரத்தை நினைத்தால் இது எவ்வளவு துணிச்சலான கேள்வி என்பது அளவை வேலை செய்கிற எனக்குப் புரிகிறது. அந்த நாளில் இருந்த எந்த எந்திரமும் அந்த நுணுக்கத்துக்கு வராது. ஆகவே கடிகாரம் செய்வதற்கு முன் கடிகாரம் செய்யும் எந்திரங்களைச் செய்ய வேண்டியிருந்தது.

1850இல் எட்வர்ட் ஹோவர்டு என்ற கடிகாரக்காரரும் டெனிசனும் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் தொடங்கினார்கள். அங்கே தூசி அதிகம். 1854இல் நல்ல காற்றுள்ள வால்தமுக்கு மாறினார்கள். 1857இல் கம்பெனி திவாலானது. ஏலத்தில் ராயல் ராபின்ஸ் என்ற வியாபாரி 56,500 டாலருக்கு எடுத்தார். உள்நாட்டுப் போர் வந்ததும் ராணுவ வீரர்கள் ‘வில்லியம் எல்லரி’ என்ற விலை குறைந்த வால்தம் கடிகாரத்தை வாங்கித் தள்ளினார்கள், கம்பெனி நிமிர்ந்துவிட்டது. டெனிசன் அதற்கு முன்பின்னாகவே வெளியேற்றப்பட்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் பர்மிங்காமில் குடியேறி, கடிகாரக் கூடுகள் செய்யும் தொழிலில் பெயர் எடுத்தார். ஒரே அளவுப் பாகங்கள் என்ற யோசனையை ஊன்றியவருக்கு அந்த அறுவடையில் பங்கு கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1876. பிலடெல்பியாவில் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டுப் பொருட்காட்சி. வால்தம் கம்பெனி தானாகவே திருகாணி வெட்டும் எந்திரங்களைக் கொண்டுவந்து மக்கள் முன்னால் ஓட்டிக் காட்டியது. சுவிட்சர்லாந்திலிருந்து நடுவராக வந்திருந்த பாவ்ர்-பெரே ஒரு வால்தம் கடிகாரத்தைத் தன்னோடு கொண்டுபோனார். உயர்ந்த ரகம்கூட இல்லை, ஐந்தாம் தரம். பாரிஸில் நேரம் சரிசெய்து, ஊருக்குப் போய் ஆறாம் நாள் பார்த்தால் 32 விநாடிதான் பிசகியிருந்தது. அவர் திரும்பிப் போய்ச் சொந்த நாட்டுத் தொழிலாளிகளிடம் இதை மறைக்காமல் சொன்னார். அமெரிக்காவுக்கான சுவிஸ் கடிகார ஏற்றுமதி 1872இல் 1 கோடியே 80 லட்சம் பிராங்குக்கு மேல் இருந்தது, 1876இல் 50 லட்சத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. அதே சமயத்தில் லாஞ்ஜின் என்ற சுவிஸ் கடிகாரக் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் ஜாக் டேவிட், தியோ கிரிபி என்பவரோடு அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, 1877 தொடக்கத்தில் ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் பாகம் செய்து சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு எந்திரத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் தொழில் போய்விடும் என்பது அதன் சாரம். சுவிஸ்காரர்கள் கேட்டார்கள், மாறினார்கள். இன்றைக்குச் சுவிஸ் கடிகாரம் என்றால் உலகம் தலைவணங்குகிறது. அந்த வரலாற்றில் வால்தமுக்கு உரிய இடத்தை யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிந்திய கதை பலருக்குத் தெரிந்ததே. ரயில்வேக்கென்று கண்டிப்பான விதிகளோடு கடிகாரங்கள் வந்தன. என்னுடையது அந்த வகை இல்லை. என்னுடையதில் டயலை மறைக்கும் முன்மூடி உண்டு, ரயில்காரர்களுக்கோ முன்மூடி இல்லாத கடிகாரம்தான் அனுமதி. கைக்கடிகாரம் வந்தது, கம்பெனி கடனில் மூழ்கியது, 1924இல் கூலிக் குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. 1957இல் கடிகாரம் செய்வது நின்றது. அதுவரை ஏறக்குறைய 4 கோடி கடிகாரங்கள் அந்த ஆற்றங்கரையிலிருந்து வெளியே போயிருந்தன. அவற்றைச் செய்த கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. ஆற்றைப் பார்த்த பெரிய பெரிய ஜன்னல்களின் வெளிச்சத்தில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். கடிகாரத்தின் மேல் அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

சரி, தங்கத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரும்பாலும் மிஷினும் கூடும் தனித்தனி வியாபாரம். கடைக்குப் போனால் முதலில் மிஷினைத் தேர்ந்தெடுப்பீர்கள்: 7 கல்லா, 17 கல்லா, எந்தத் தரம் என்று. அப்புறம் கையிருப்புக்குத் தகுந்தபடி வேறொரு கம்பெனியின் கூட்டைத் தேர்ந்தெடுப்பீர்கள். நிக்கல், வெள்ளி, தங்கத் தகடு போர்த்தியது, முழுத் தங்கம். கடைக்காரர் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். ஆகவே கூட்டின் எண்ணை வைத்துக் கடிகாரத்தின் வயதைச் சொல்ல முடியாது. மிஷினின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கூட்டுக்குள் ‘20 ஆண்டு உத்தரவாதம்’, ‘25 ஆண்டு உத்தரவாதம்’ என்று அடித்திருந்தால் அது முழுத் தங்கம் இல்லை. பித்தளைத் தகட்டின் இருபுறமும் தங்கத் தகடு வைத்து அழுத்திய வகை. உத்தரவாதம், தங்கம் தேயாமல் இருப்பதற்கு. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறைய.

இப்படித் தனித்தனியாக வாங்கியது தனித்தனியாகப் பிரிப்பதற்கும் வசதியாகப் போயிற்று. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கூடுகள் உருக்குச் சட்டிக்குப் போயின. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அந்தச் சமயத்தில் போனவற்றுக்குக் கணக்கே இல்லை என்று பழைய கடிகாரக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். மிஞ்சியவை கூடில்லாத மிஷின்கள். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் என்று பை பையாக மலிவு விலைக்கு விற்கிறார்கள். பாதி இன்னும் ஓடும். அந்தப் பைகளுக்குள் கையை விட்டால் எனக்கு மனது கனத்துவிடும்.

கோடையில் அப்பா வந்திருந்தார். கடிகாரத்தைக் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தார். முதலில் நிறம்.

“செம்பு தூக்கலா இருக்கே. பதினாலா?”

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் அவரே சொன்னார்: “ஆனா இதுக்கு அதுதான் சரி, மக்களே. இருபத்திரண்டுல இந்த மூடியை இவ்வளவு மெல்லிசா அடிச்சா பையில போட்டு நடக்கையிலயே நெளிஞ்சுபோகும். விளிம்பு பிடிக்காது. தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான்.”

முன்மூடி, பின்மூடி, உள்மூடி மூன்றுக்கும் மூன்று கீல். அப்பா அதிலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். ஒவ்வொரு கீலிலும் சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவே ஆணி ஓடுகிறது. வெளியே இருந்து பார்த்தால் ஆணி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் தட்டாது. அவர் காப்புகளுக்குக் கடையாணி வைத்த கை. “இது மிஷினு செஞ்சது இல்ல. இதை ஒரு ஆளு உக்காந்து தேய்ச்சிருக்கான்” என்றார். மூடி நடுவே ஒன்றோடொன்று பின்னிய மூன்று எழுத்துகள், யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள், பாதி தேய்ந்துவிட்டன. அந்தச் சித்திர வேலையும் கையால்தான்.

விளிம்பில் ஓரிடம் மழுங்கியிருப்பதையும் அவர்தான் காட்டினார். இந்த வகை மூடியைச் சாத்தும்போது மேலே உள்ள குமிழை அழுத்திப் பிடித்து, மூடியை வைத்து, பிறகு குமிழை விட வேண்டும். ‘டப்’ என்று அடித்துச் சாத்தினால் உள்ளே இருக்கும் எஃகுக் கொக்கி ஒவ்வொரு முறையும் தங்க விளிம்பைச் சுரண்டும். பழைய சொந்தக்காரர் அடித்துச் சாத்துகிறவராக இருந்திருக்கிறார்.

பழுது நாலாவது சக்கரத்தில். அது நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். அதன் அச்சின் ஒரு முனை நீண்டு டயலைத் துளைத்து வெளியே வரும். விநாடி முள் அதில்தான் உட்காரும். குண்டூசியைவிட மெல்லிய முனை. முள்ளைக் கழற்றத் தெரியாத யாரோ நெம்பியதில் அது முறிந்து, அச்சும் வளைந்திருந்தது. நான் போகும் கடிகாரக்காரர் வயதானவர், வீட்டு மாடியறையில் வைத்து வேலை பார்ப்பவர். புது அச்சு கடையலாம், ஆனால் அதற்கு முன் ஒன்று பார்ப்போம் என்று இழுப்பறையைத் திறந்தார். கூடில்லாத மிஷின்கள். அதில் அதே 1899 மாடல், அதே 16 சைஸ், முன்மூடி வைத்த கூட்டுக்கான அதே அமைப்பு ஒன்று கிடைத்தது. எண்ணில் பல லட்சம் தள்ளி, நான்கைந்து வருடம் பிந்தியது. அதன் தங்கக் கூடு எப்போதோ உருகிப்போயிருக்கிறது.

அதிலிருந்து நாலாவது சக்கரத்தைச் சாமணத்தால் எடுத்து என்னுடையதில் வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் சந்திக்காத இரண்டு மிஷின்கள். பல் பல்லோடு சரியாகக் கடித்தது, உயரம் சரியாக இருந்தது. அப்பாவும் நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் மிகையில்லை. டெனிசன் கேட்ட கேள்விக்குப் பதில் என் கண் முன்னால் சுற்றியது.

முழுதாகச் சுற்றவில்லை. மேல் முனை கல்லின் துளையில் லேசாக இறுகியது. அவர் அதைச் சோதித்த விதம் அழகு: கல்லைத் தட்டையாக வைத்து, துளையில் சக்கரத்தின் முனையைச் செங்குத்தாக நிறுத்தினார். சரியான அளவாக இருந்தால் சக்கரம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். இது விறைப்பாக நின்றது. அதாவது இடைவெளி போதாது.

இதைக் கேட்டு, பார்த்தாயா, ஒரே அளவு என்பதெல்லாம் விளம்பரம்தானே என்று யாராவது சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நாளில் கல்லின் துளையை மைக்ரான் கணக்கில் ஒரே அளவாகக் கொண்டுவர முடியாது. ஆகவே கற்களையும் முனைகளையும் அளந்து, அளவுவாரியாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்தார்கள். எந்த எண் கடிகாரத்தில் எந்த அளவுக் கல், எந்த அளவு முனை என்று கம்பெனி பதிந்தும் வைத்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எண்ணை எழுதி அனுப்பினால் பொருந்தும் பாகம் வரும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. இன்றைக்கு என் வேலையிடத்திலும் மிக நுணுக்கமான பாகங்களை இப்படித்தான் பிரித்து ஜோடி சேர்க்கிறோம். தன்னால் முடிந்த எல்லை எது என்று தெரிந்து, அந்த எல்லைக்கு அப்பால் ஏட்டையும் கையையும் நம்பிய தொழிற்சாலை அது. எனக்கு அதன்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

கடிகாரக்காரர் சின்னக் கடைசல் போன்ற ஒரு கருவியில் முனையைப் படுக்க வைத்து, எஃகுத் தகடு ஒன்றால் முன்னும் பின்னுமாக நீவினார். அராவவில்லை, உலோகத்தை அழுத்தி மினுக்கினார். அப்பாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது, அங்கே அது தேவைப்படவும் இல்லை. “மெருகு போடுறாரு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கடிகாரக்காரர் நிறுத்தி எடுத்துச் சோதித்தார், மறுபடி நீவினார். கடைசியில் சக்கரம் துளையில் நின்று, ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா தலையை ஆட்டினார். அவரும் பதிலுக்குத் தலையை ஆட்டினார்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்ததைக் கழுவி, புது எண்ணெய் இட்டு, அதே தடிமனில் நீல நிற விநாடி முள் ஒன்று போட்டார். இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து விநாடி போலக் கூடுதலாக ஓடுகிறது. படுக்க வைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. காலையில் சாவி கொடுக்கிறேன், வார இறுதியில் பையில் போட்டுக்கொண்டு போகிறேன், குமிழை அழுத்தித்தான் மூடியைச் சாத்துகிறேன். அப்பா ஊருக்குப் போன பிறகும் போனில் விசாரிக்கிறார், “அது ஓடுதா?” என்று.

சக்கரம் கொடுத்த அந்த மிஷினையும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். நாலாவது சக்கரம் ஒன்றைத் தவிர அதில் எல்லாம் முழுசாக இருக்கிறது: சமநிலைச் சக்கரம், அதன் மயிரிழைச் சுருள், பெரிய சுருள் பெட்டி, திருகாணிகள் எல்லாம். டப்பாவின் மேல் அதன் எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது 1899 மாடல் 16 சைஸ் வால்தம் ஒன்று பாகம் இல்லாமல் முடங்கிக் கிடந்தால் எந்தப் பாகம் என்று மட்டும் சொல்லுங்கள், கழற்றி அனுப்புகிறேன். முனை கொஞ்சம் இறுகினால் நீவிவிடத் தெரிந்த ஆளை மட்டும் நீங்கள் தேடிக்கொள்ளுங்கள்.